எக்ஸ்டென்ஷன், லாஃப்ட், கராஜ்: இங்கிலாந்துல எதுக்கு ப்ளானிங் பர்மிஷன் வேணும், எதுக்கு வேணாம்

இங்கிலாந்துல வீடு வாங்கி ரெண்டு மூணு வருஷம் ஆனதும் எல்லாருக்கும் வர்ற யோசனை இதுதான், பின்னாடி கொஞ்சம் இழுத்துக் கட்டலாமா, மேல கூரைக்குள்ள லாஃப்ட் ரூம் போடலாமா, கராஜ ரூமாக்கலாமான்னு. இதுக்கெல்லாம் உள்ளூர் நிர்வாகமான கவுன்சில்கிட்ட வாங்குற ப்ளானிங் பர்மிஷன், அதாவது கட்டுறதுக்கான அனுமதி பத்தி எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க எழுதி வெக்கிறேன். நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது, என் வீட்டு விஷயத்துல தப்பு பண்ணி கவுன்சிலோட ஒன்றரை வருஷம் அலைஞ்சு கத்துக்கிட்டதுதான் பாதி. இது இங்கிலாந்துக்கு மட்டும்தான், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல சட்டம் வேற, அங்க இருக்குறவங்க இந்த அளவுகள வெச்சு கட்டிடாதீங்க.

எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் பர்மிஷன் வேணுமா?

வேணாம். பெர்மிட்டட் டெவலப்மென்ட்னு ஒண்ணு இருக்கு, 2015-ல வந்த ஆணை அது. குறிப்பிட்ட அளவுக்குள்ள கட்டினா பர்மிஷன அரசாங்கமே முன்கூட்டியே குடுத்துட்டதா அர்த்தம், கவுன்சில்கிட்ட தனியா கேக்க வேண்டியதில்ல. ஆனா நம்மாளுங்க இதை "சின்னதா கட்டினா ஒண்ணும் வேணாம்"னு சுருக்கமா புரிஞ்சுக்கிறாங்க, அங்கதான் வில்லங்கம் ஆரம்பிக்குது. அளவு, உயரம், எல்லைல இருந்து தூரம், மெட்டீரியல்னு ஒவ்வொண்ணுக்கும் நிபந்தனை இருக்கு, அதுல ஒண்ணு தவறினாலும் மொத்த கட்டடமும் அனுமதி இல்லாத கட்டடம் ஆயிடும், தவறின அந்த அரை மீட்டர் மட்டும் இல்ல.

இன்னொண்ணு, இந்த உரிமை முழு வீட்டுக்கு மட்டும்தான். ஃப்ளாட், மெசனெட்ல (ரெண்டு மாடி ஃப்ளாட்) இருக்கீங்கன்னா இது உங்களுக்கு கிடையாது, ஜன்னல மாத்துறதுக்கே கேக்க வேண்டி வரலாம். ஆபீஸா இருந்து வீடா மாத்தின சில கட்டடங்களுக்கும் கிடையாது.

பின்னாடி எத்தனை மீட்டர் இழுக்கலாம்?

ஒரு மாடி எக்ஸ்டென்ஷன்னா, செமி டிடாச்டு (ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோட ஒட்டினது), டெரஸ் (வரிசையா ஒட்டினது) வீட்டுக்கு 3 மீட்டர், டிடாச்டு (எதோடயும் ஒட்டாதது) வீட்டுக்கு 4 மீட்டர். உயரம் 4 மீட்டருக்கு மேல போகக்கூடாது, பக்கத்து எல்லைல இருந்து 2 மீட்டருக்குள்ள வந்துச்சுன்னா கூரை இறங்கி முடியுற விளிம்பு 3 மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. வெளிப்பக்கம் இப்ப இருக்குற வீட்டோட பொருந்துற மாதிரி இருக்கணும். மொத்தமா பாத்தா, பழைய வீட்டச் சுத்தி இருக்குற நிலத்துல பாதிக்கு மேல கட்டடம் வரக்கூடாது, இதுல தோட்டத்து ஷெட்டும் சேரும்.

6 மீட்டர், டிடாச்டுன்னா 8 மீட்டர் வரைக்கும் கூட போகலாம், ஆனா அதுக்கு முன்னாடி ப்ரையர் அப்ரூவல்னு கவுன்சில்கிட்ட முன் ஒப்புதல் கேட்டு அப்ளிகேஷன் போடணும். கவுன்சில் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு கடிதம் அனுப்பும், அவங்க யாரும் எதிர்ப்பு சொல்லலைன்னா பிரச்சினை இல்ல, சொன்னா அவங்க வீட்டுக்கு பாதிப்பு எவ்வளவுன்னு ஆபீசர் பாத்து முடிவு பண்ணுவாரு. 42 நாளுக்குள்ள பதில் வரணும், வரலைன்னா நீங்க கொடுத்த ப்ளான் படியே கட்டலாம். 2019-ல இதை நிரந்தரமாக்கிட்டாங்க.

பின்னாடி ரெண்டு மாடி வேணும்னா 3 மீட்டர்தான், பின் எல்லைல இருந்து 7 மீட்டராவது தள்ளி இருக்கணும். சாதாரண டெரஸ் வீட்டு தோட்டத்துல அது தேறுறது கஷ்டம், அதனால பெரும்பாலும் முழு அப்ளிகேஷன்தான்.

"ஒரிஜினல் ஹவுஸ்"னு சொல்றாங்களே, அது என்ன?

இந்த ஒரு கேள்விய யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா என் பணமும் தூக்கமும் மிச்சமாயிருக்கும். அந்த 3 மீட்டர எங்கருந்து அளக்குறதுன்னா, இன்னிக்கு நீங்க பாக்குற பின் சுவத்துல இருந்து இல்ல, 1948 ஜூலை 1-ல அந்த வீடு எப்படி இருந்துச்சோ அந்த சுவத்துல இருந்து. அதுக்கு அப்புறம் கட்டின வீடுன்னா முதல்முதல்ல கட்டினப்ப இருந்த சுவர்.

நாங்க வாங்கினது 1930-கள்ல கட்டின செமி. கிச்சன் பின்னாடி ஏற்கனவே ரெண்டு மீட்டர் நீட்டி இருந்துச்சு, பழைய ஓனருக்கும் முந்தின ஓனர் யாரோ கட்டினது, ஆனா அதே செங்கல், அதே பூச்சு, எங்களுக்கு அது வீட்டோட ஒட்டிப் பிறந்த சுவர் மாதிரிதான் தெரிஞ்சுது. பில்டர் வந்து டேப் வெச்சு அளந்து "மூணு மீட்டர்தானே அண்ணே, பேப்பர் எதுவும் வேணாம்"னாரு, நாங்களும் நம்பிட்டோம். கூரை போட்டு முடிச்ச மூணாவது வாரம் கவுன்சிலோட என்ஃபோர்ஸ்மென்ட் (விதிமீறல பாக்குற) ஆபீசர்கிட்டருந்து கடிதம். பக்கத்து வீட்டம்மா புகார் குடுத்திருக்காங்க, அவங்க மேல தப்பே இல்ல, அவங்க சாப்பாட்டு ரூம்ல நிஜமாவே இருட்டு வந்துடுச்சு. ஆபீசர் பழைய வரைபடத்த எடுத்துக் காட்டி சொன்னாரு, ரெண்டும் மூணும் அஞ்சு, உங்களுக்கு இருந்த உரிமை மூணுதான்னு.

மனசு வலிக்கிற விஷயம் என்னன்னா, அஞ்சு மீட்டர்ங்கிறது ப்ரையர் அப்ரூவல்ல வாங்கக்கூடிய அளவுதான். ஆனா அத கட்டுறதுக்கு முன்னாடிதான் கேக்க முடியும், கட்டினப்புறம் அந்த கதவு மூடிடும். அப்புறம் ரெட்ரோஸ்பெக்டிவ்னு, கட்டினப்புறம் கேக்குற முழு அப்ளிகேஷன் போட்டு, அது ஒரு தடவ ரிஜெக்ட் ஆகி, கூரைய பிரிச்சு அவங்க பக்கம் உயரத்த குறைச்சு மறுபடி போட்டுத்தான் கிடைச்சுது. அந்த கூரை வேலைக்கு ரெண்டு தடவ கூலி குடுத்தோம். ஆறேழு வாரம் பொறுத்திருந்தா போதும்.

வாங்கின வீட்டுல முன்னாடி யாராவது கட்டியிருக்காங்களான்னு பாக்க கவுன்சில் வெப்சைட்ல உங்க முகவரி போட்டு பழைய அப்ளிகேஷன்கள தேடுங்க, தெருவுல மத்த வீடுகளோட பின்பக்கத்தையும் மேலருந்து எடுத்த மேப்ல பாருங்க, உங்க வீடு மட்டும் நீண்டிருந்தா யாரோ கட்டியிருக்காங்க.

பக்கவாட்டுல கட்டினா?

ஒரு மாடிதான், உயரம் 4 மீட்டர், அகலம் ஒரிஜினல் வீட்டோட அகலத்துல பாதிக்கு மேல போகக்கூடாது. பின்னாடியும் பக்கத்துலயும் சேத்து மூலைய சுத்தி எல் மாதிரி கட்டுறாங்க பாருங்க, ராப் அரவுண்டுனு, அது பெரும்பாலும் பெர்மிட்டட்ல வராது, ஏன்னா ரெண்டும் சேர்ந்தா மொத்த அகலம் பாதிய தாண்டிடும். அதுக்கு அப்ளிகேஷன் போடுங்க.

லாஃப்ட் கன்வெர்ஷனுக்கு?

உள்ள தளம் போட்டு ஸ்கைலைட் ஜன்னல் மட்டும் வெச்சா பொதுவா ஒண்ணும் வேணாம், அந்த ஜன்னல் கூரை மட்டத்துல இருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல வெளிய துருத்தாம இருந்தா சரி. டார்மர் (கூரைல இருந்து வெளிய நீட்டுற ஜன்னல் கூடு) வெக்கிறீங்க, இல்ல செமி வீட்டுல பக்கக் கூரைய நிமித்தி சுவராக்குறீங்கன்னா கன அளவு பாப்பாங்க. டெரஸ் வீட்டுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் டிடாச்டுக்கும் 50. முன்னாடி யாராவது கூரைல கூட்டியிருந்தா அதுவும் இந்தக் கணக்குலதான் கழியும்.

ரோட்டைப் பாத்த முன்பக்க கூரைல டார்மர் வெச்சா பர்மிஷன் கட்டாயம். கூரையோட உச்சிய தாண்டக்கூடாது, விளிம்புல இருந்து 20 சென்டிமீட்டராவது உள்ள தள்ளி இருக்கணும், பக்கத்து வீட்டைப் பாத்த ஜன்னல் மங்கலான கண்ணாடியா இருக்கணும், ரூம் தரைல இருந்து 1.7 மீட்டர் உயரத்துக்கு கீழ அது திறக்கக்கூடாது. பால்கனி கிடையாது. டார்மருக்கு கதவு வெச்சு வெளிய நின்னு டீ குடிக்கலாம்னு சிலர் ஆசப்படுறாங்க, அதுக்கு தனியா கேக்கணும், பக்கத்து தோட்டம் முழுசா தெரியும்ங்கிறதால சுலபமா குடுக்க மாட்டாங்க.

கன்சர்வேஷன் ஏரியா, ஆர்ட்டிகிள் 4, லிஸ்டட் இதெல்லாம் என்ன வித்தியாசம்?

கன்சர்வேஷன் ஏரியான்னா அந்த தெருவோட பழைய தோற்றத்த காப்பாத்தணும்னு கவுன்சில் அறிவிச்ச இடம். அங்க பக்கவாட்டு எக்ஸ்டென்ஷன், பின்னாடி ரெண்டு மாடி, கூரைல டார்மர் இதெல்லாம் பெர்மிட்டட்ல வராது, 6 மீட்டர் ஸ்கீமும் கிடையாது. ஆர்ட்டிகிள் 4-ங்கிறது, குறிப்பிட்ட இடத்துல குறிப்பிட்ட உரிமைய கவுன்சில் திரும்ப எடுத்துக்கிறது, முன் ஜன்னல மாத்துறது கூட அதுல மாட்டலாம். லிஸ்டட் கட்டடம் (சரித்திர மதிப்புக்காக பட்டியல்ல சேத்தது)னா உள்ள ஒரு சுவர எடுக்குறதுக்கே தனி ஒப்புதல் வேணும், கேக்காம பண்ணினா அது நேரா கிரிமினல் குற்றம், வார்னிங் கடிதமெல்லாம் முன்னாடி வரணும்னு அவசியம் இல்ல.

புதுசா பில்டர்கிட்ட வாங்கின எஸ்டேட் வீடுகள்ல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கும். முதல் அனுமதி குடுத்தப்பவே "இந்த வீடுகளுக்கு பெர்மிட்டட் உரிமை கிடையாது, கராஜ் கார் நிறுத்த மட்டும்தான்"னு கவுன்சில் நிபந்தனை போட்டிருக்கும். அந்த அனுமதிக் கடிதத்த தேடி எடுத்து படிங்க.

கராஜ ரூமாக்கணும், பர்மிஷன் வேணுமா?

வீட்டோட ஒட்டின கராஜா இருந்து, வெளிய நீட்டாம உள்ள மட்டும் மாத்தினா பொதுவா வேணாம், மேல சொன்ன நிபந்தனை இருந்தா மட்டும் வேணும். பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடப் பாதுகாப்பு விதிகள்) மட்டும் கட்டாயம், தரை, இன்சுலேஷன், ஈரம் ஏறாம இருக்கிறது எல்லாம் பாப்பாங்க.

அப்பா அம்மா ஊர்லருந்து வந்து தங்க தோட்டத்துல ஒரு ரூம் கட்டலாமா?

அவுட்பில்டிங் பெர்மிட்டட்ல வரும், ஆனா எதுக்கு பயன்படுத்துறீங்கங்கிறதுதான் முக்கியம். ஜிம், ஆபீஸ், ஸ்டோர், பசங்க விளையாடுற ரூம், இதெல்லாம் சரி. தூங்கி எழுந்து சமைச்சு சாப்பிடுற மாதிரி தனிக்குடித்தனம்னா பெர்மிட்டட்ல வராது, அப்ளிகேஷன் போடணும். பெத்தவங்களுக்குன்னு உண்மைய சொல்லி, வீட்டோட சேர்ந்த அனெக்ஸ்னு போட்டீங்கன்னா கிடைக்க வாய்ப்பு இருக்கு. பயந்துக்கிட்டு "ஆபீஸ்"னு சொல்லி கட்டி கட்டில் போடாதீங்க, வயசானவங்கள அப்படி ஒரு கவலைல குடி வெக்கிறது நியாயமும் இல்ல.

அளவுன்னு பாத்தா ஒரு மாடி, ரெண்டு பக்கம் சரிஞ்ச கூரைன்னா 4 மீட்டர், மத்ததுக்கு 3 மீட்டர், எல்லைல இருந்து 2 மீட்டருக்குள்ள வந்தா 2.5 மீட்டர்தான். வீட்டு முகப்புக்கு முன்னாடி கட்டக்கூடாது.

வாடகைக்கு விட ஷெட் கட்டுறது பத்தியும் கேக்குறாங்க. வேண்டாம். 2013-ல ஸ்லவ் கவுன்சில் விமானத்துல தெர்மல் கேமரா வெச்சு பறந்து, எந்தெந்த தோட்டத்து ஷெட்ல சூடு தெரியுதுன்னு தேடினாங்க. லண்டன்ல அப்படி வாங்கின வாடகையவே கோர்ட் பறிமுதல் பண்ணின கேஸ்கள் உண்டு. அதவிட, தீப்பிடிச்சா வெளிய ஓட வழி இல்லாத இடத்துல ஒரு மனுசன படுக்க வெக்கிறோம்ங்கிறத நினைச்சுப் பாருங்க.

வீட்ட ரெண்டு ஃப்ளாட்டா பிரிக்கலாமா? ரூம் ரூமா விடலாமா?

ஃப்ளாட்டா பிரிக்க எப்பவும் பர்மிஷன் வேணும், வெளிய ஒரு செங்கல் கூட மாத்தலைன்னாலும். ரூம் ரூமா விடுறதுல 3-ல இருந்து 6 பேர் வரைக்கும் ஒரே குடும்பம் இல்லாதவங்க இருந்தா, ஆர்ட்டிகிள் 4 இல்லாத ஏரியால பர்மிஷன் இல்லாம மாத்தலாம். ஆனா நியூஹாம் மாதிரி லண்டன்ல நிறைய கவுன்சில்கள் ஆர்ட்டிகிள் 4 போட்டு வெச்சிருக்கு. 7 பேர்னா எங்க இருந்தாலும் வேணும். அது ப்ளானிங், லைசென்ஸ் தனி, 5 பேர்ல இருந்து எச்எம்ஓ (ஒரே குடும்பம் இல்லாதவங்க சேர்ந்து இருக்குற வாடகை வீடு) லைசென்ஸ் நாடு முழுக்க கட்டாயம்.

முன் தோட்டத்துல கார் நிறுத்த கல்லு போடலாமா?

தண்ணி உள்ள இறங்குற மாதிரி போட்டா சரி, இல்லன்னா தண்ணி உங்க தோட்டத்துக்குள்ளயே வடியுற மாதிரி வழி வெக்கணும். ரெண்டும் இல்லாம 5 சதுர மீட்டருக்கு மேல கான்க்ரீட் போட்டா 2008-ல இருந்து பர்மிஷன் வேணும். நடைபாதை விளிம்ப தாழ்த்துறது தனி, அது ரோடு டிபார்ட்மென்ட்.

பெர்மிட்டட்தான்னு உறுதியா தெரியும், அப்புறமும் எதுக்கு சர்டிஃபிகேட்?

லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்னு சொல்றது இதத்தான், இதுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுறேன். "பெர்மிட்டட்தான்"னு பில்டர் சொல்றது ஒரு பேச்சு, கவுன்சில் சொல்றது ஒரு பேப்பர். உங்க ப்ளான கவுன்சில் பாத்து "ஆமா, இதுக்கு பர்மிஷன் தேவையில்ல"னு எழுதிக் குடுத்துடும், பக்கத்து வீட்டுக்காரரோட சம்மதமோ எதிர்ப்போ இதுல வராது, அளவு சரியா இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க. ஃபீஸ் சாதாரண அப்ளிகேஷன்ல பாதி. 2025 ஏப்ரல்ல வீட்டு அப்ளிகேஷன் 258 பவுண்டு ஆச்சு, அப்ப சர்டிஃபிகேட் 129, 6 மீட்டர் ப்ரையர் அப்ரூவல் 240. வருஷா வருஷம் ஏப்ரல்ல ஏறும், போடுற அன்னிக்கு இருக்குற ரேட்ட பாத்துக்கங்க. லட்சக்கணக்குல செலவு பண்ணப் போற வேலைக்கு இந்த நூத்து சொச்ச பவுண்ட மிச்சம் பிடிக்க பாக்காதீங்க. எங்க ப்ளான அப்ப இதுக்கு அனுப்பியிருந்தா, முதல் மாசத்துலயே "இது அஞ்சு மீட்டர்"னு அவங்களே சொல்லியிருப்பாங்க.

பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தா ரிஜெக்ட் ஆயிடுமா?

எத்தனை பேர் எதிர்க்கிறாங்கங்கிறது கணக்கு இல்ல, என்ன காரணம் சொல்றாங்கங்கிறதுதான். வெளிச்சம் மறையுது, எங்க பெட்ரூம் தெரியுது, பெரிய சுவர் வந்து அடைக்குது, இதெல்லாம் எடுபடும். வீட்டு விலை குறையும், வ்யூ போயிடும், கட்டும்போது சத்தம், இது எடுபடாது. ஆனாலும் கடிதம் போறதுக்கு முன்னாடி நீங்களே ப்ளான எடுத்துக்கிட்டு போய் கதவ தட்டி காட்டிடுங்க. நாங்க அத பண்ணல. அந்தம்மாவ முன்னாடியே உக்கார வெச்சு பேசியிருந்தா கூரைய எந்தப் பக்கம் சரிக்கலாம்னு அவங்களே சொல்லியிருப்பாங்க.

எவ்வளவு நாள் ஆகும்? ரிஜெக்ட் ஆனா?

8 வாரம். கிடைச்சா 3 வருஷத்துக்குள்ள வேலைய ஆரம்பிக்கணும். ரிஜெக்ட் ஆனா ஆபீசரோட ரிப்போர்ட்ட நிதானமா படிங்க, எந்த பகுதி இடிக்குதுன்னு அதுல தெளிவா இருக்கும், அத மாத்தி மறுபடி போடுறதுதான் பெரும்பாலும் வேகமான வழி. முன்னாடியெல்லாம் ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி போட்டா ஃபீஸ் இல்லாம இருந்துச்சு, அந்த சலுகைய 2023 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. அப்பீலுக்கு ஃபீஸ் இல்ல, ஆனா 12 வாரத்துக்குள்ள போடணும், பதில் வர மாசக்கணக்கா ஆகும்.

நாலு வருஷம் யாரும் கண்டுபிடிக்கலைன்னா தப்பிச்சுடலாமாமே?

அது பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25-ல இருந்து அது 10 வருஷமா மாறிடுச்சு. அந்த தேதிக்கு முன்னாடியே கட்டி முடிச்சதுக்கு மட்டும்தான் நாலு. ஒளிச்சு வெச்சு நாள் கடத்தவும் முடியாது, சர்ரேல ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகள அடுக்கி அதுக்குப் பின்னாடி கோட்டை மாதிரி வீடு கட்டி நாலு வருஷம் குடியிருந்துட்டு 2006-ல வைக்கோல எடுத்தாரு, கோர்ட் ஒத்துக்கல, பத்து வருஷம் இழுத்து 2016-ல இடிச்சாங்க. என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்தப்புறம் மதிக்கலைன்னா அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது.

நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி சாதாரண கடிதம்தான் வரும், அப்பவே பதில் எழுதுங்க, போன் பண்ணுங்க. ஆபீசருங்க நாம பயப்படுற மாதிரி இல்ல, நீங்க மறைக்கலைன்னு தெரிஞ்சா வழி சொல்லுவாங்க, எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு.

ப்ளானிங் கிடைச்சா எல்லாம் முடிஞ்சுதா?

இல்ல, இன்னும் மூணு வாசல் இருக்கு. பில்டிங் ரெகுலேஷன்ஸ் முதல்ல, இது கட்டடம் பாதுகாப்பா இருக்கான்னு பாக்குறது, பெர்மிட்டட்ல கட்டினாலும் வேணும். லாஃப்ட்ல இது உயிர் விஷயம், மூணாவது மாடில தூங்குற புள்ளைங்க தீப்பிடிச்சா படிக்கட்டு வழியா இறங்கி வெளிய வர முடியணும், அதுக்குத்தான் தீய கொஞ்ச நேரம் தாங்குற கதவும் கரண்ட்ல ஓடுற ஸ்மோக் அலாரமும் கேக்குறாங்க. அந்த கதவுகள பில்டர் "அப்புறம் போட்டுக்கலாம்"னா விடாதீங்க.

ரெண்டாவது பார்ட்டி வால் சட்டம், 1996-ல வந்தது. பொதுச் சுவத்துல கை வெச்சா ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், பக்கத்து கட்டடத்துல இருந்து 3 மீட்டருக்குள்ள அவங்க அஸ்திவாரத்தவிட ஆழமா தோண்டினா ஒரு மாசம். 14 நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம் இல்ல, தகராறுன்னு எடுத்துக்கிட்டு சர்வேயர் வரணும். மூணாவது சாக்கடை, பொது சீவர் பைப்புக்கு மேலயோ ரொம்ப பக்கத்துலயோ கட்டினா தண்ணிக் கம்பெனிகிட்ட ஒப்புதல் வாங்கணும், 2011-ல இருந்து பக்கத்து வீட்டோட சேர்ந்து ஓடுற பைப்பும் பெரும்பாலும் அவங்களோடதுதான்.

விக்கும்போது என்ன கேப்பாங்க?

வாங்குறவங்களோட சொலிசிட்டர் ப்ளானிங் அனுமதி, அது தேவைப்படலைன்னா லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட், பில்டிங் ரெகுலேஷன்ஸ பாக்குற பில்டிங் கன்ட்ரோலோட கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், பார்ட்டி வால் பேப்பர் எல்லாம் கேப்பாங்க. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்ட கைல வாங்குற வரைக்கும் பில்டருக்கு கடைசி தவணைய குடுக்காதீங்க, காண்ட்ராக்ட்லயே அப்படி எழுதிக்கங்க. எங்க ஃபைல் இப்ப ஒரு நீல ஃபோல்டர்ல இருக்கு, அதுல முதல் பேப்பரா 1930-கள்ல வரைஞ்ச வீட்டு ப்ளானோட காப்பிய வெச்சிருக்கேன், அடுத்து இந்த வீட்ட வாங்குறவங்க எந்த சுவத்துல இருந்து அளக்கணும்னு அதுல சிவப்பு பேனால கோடு போட்டிருக்கு.